தேவசோமாவின் வழக்கு

மத்தவிலாசப் பிரகசனத்தைப் பற்றி நம்மிடையே ஒரே மாதிரியான பாராட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், காஞ்சிபுரத்தைக் களமாக வைத்து, ஒரு அரசனே எழுதிய நகைச்சுவை நாடகம். குடிகாரக் காபாலிகன், மீனும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு வரும் பௌத்த பிக்கு, உள்ளே வன்மம் வைத்துக்கொண்டு மத்தியஸ்தம் பேச வரும் பாசுபதன் என்று எல்லாரையும் வாரியிருக்கிறான் மகேந்திரவர்மன். யாரையும் விட்டுவைக்கவில்லை. 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே என்ன தைரியம்! இன்றைக்கு இப்படி ஒரு நாடகம் போட முடியுமா?

இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இதைக் கேட்கிறேன். மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறும் நண்பர்கள் செங்கல்பட்டில் என்னைப் பார்த்துவிட்டுப் போகும்போதும் கேட்கிறேன். சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். மதவெறியைக் கண்டு சலித்தவர்கள். பழைய காலத்தில் நமக்கென்று ஒரு சிரிக்கிற அரசன் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் 'யாரையும் விட்டுவைக்கவில்லை' என்ற அந்த வாக்கியம் மட்டும் பொய். நாடகத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே அது பொய் என்று தெரியும். மயிலை சீனி. வேங்கடசாமி இதை எப்போதோ தமிழாக்கிக் கொடுத்துவிட்டார். சமஸ்கிருதம் தெரியாது என்ற சாக்கும் நமக்கு இல்லை.

விட்டுவைக்கப்பட்டவர் யார், அவரை விட்டுவைத்ததால் மற்றப் பாத்திரங்களின் குற்றங்கள் எப்படி ஊதிப் பெருக்கப்படுகின்றன என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

1

கதை சின்னது. சத்யசோமன் என்ற காபாலிகனும் அவனுடைய துணைவி தேவசோமாவும் போதையில் தள்ளாடிக்கொண்டு காஞ்சித் தெருவில் வருகிறார்கள். போதையில் அவளுடைய பெயரை மாற்றி, சோமதேவா என்று கூப்பிட்டுவிடுகிறான். யார் அந்த இன்னொருத்தி என்று அவள் சண்டைக்கு வருகிறாள். குடிதான் காரணம், இன்றோடு குடியை விட்டேன் என்கிறான். அவள் பதறிப்போய், எனக்காக உன் விரதத்தை முறித்துக்கொள்ளாதே என்று காலில் விழுகிறாள். குடிப்பதுதானே அவர்கள் விரதம்! நாடகத்தின் மிக நல்ல நகைச்சுவைகளில் இது ஒன்று.

கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். கடையை அவன் வேள்விச் சாலையோடு ஒப்பிடுகிறான். மது சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், சுட்ட இறைச்சி ஆகுதி, கடைக்காரர் யஜமானர். பிச்சை வாங்கப் போகும்போதுதான் கபாலத்தைக் காணோம் என்று தெரிகிறது. மண்டையோட்டுப் பாத்திரம். அதில்தான் உண்ண வேண்டும், அதில்தான் குடிக்க வேண்டும். அது போனால் காபாலிகன் என்ற பேரே போச்சு. அதற்குள் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும், அல்லது ஒரு பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாய் அல்லது பிக்கு. சந்தேகப் பட்டியலில் இரண்டு பேர். இதற்கப்புறம் நாடகம் முடிகிற வரைக்கும் அவன் நாயைத் தேடுவதே இல்லை.

அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு வருகிறார். தனதாசன் என்ற வணிகர் வீட்டில் பிச்சை வாங்கிவிட்டு ராஜவிகாரத்துக்குப் போகிறார். மாடமாளிகை, மெத்தை, முற்பகல் சாப்பாடு, வெற்றிலை எல்லாவற்றையும் அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் விட்டுவிட்டார்? பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள்தான் அந்தப் பகுதியை மூலநூலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், அசல் பிரதியைக் கண்டுபிடித்துச் சங்கத்துக்கு உபகாரம் செய்ய வேண்டும் என்று தனக்குள் பேசிக்கொள்கிறார். பிக்ஷாபாத்திரத்தை ஆடைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். மறைப்பதைக் கபாலி பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், திருடன் கிடைத்துவிட்டான்.

வாக்குவாதம் முற்றுகிறது. பாப்ருகல்பன் என்ற பாசுபதன் நடுவராக வருகிறான். நாவிதர் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி விஷயமாகப் பிக்கு மேல் அவனுக்குப் பழைய கோபம் உண்டு. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் நியாயம் பேசுகிறான். கடைசியில் பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேர்கிறான். பாத்திரம் உரியவனிடம் போகிறது, பகை தீர்கிறது, வாழ்த்தோடு நாடகம் முடிகிறது.

இதிலிருந்து பாத்திரங்களின் ஒழுக்கக்கேடுகளைப் பட்டியல் போடச் சொன்னால் யாரும் போடுவார்கள். கபாலிக்குக் குடி, பிக்குவுக்குப் பாசாங்கும் சபலமும், பாசுபதனுக்கு உள்வன்மம், தேவசோமாவுக்குக் குடியும் சண்டையும். கல்லூரி வினாத்தாளுக்கு ஐந்து மதிப்பெண் விடை. இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நாடகத்தின் முக்கால்வாசியைப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

2

குடி ஒரு குற்றமென்றால் அது கபாலியின் சின்னக் குற்றம். பெரிய குற்றம் வேறு.

அந்த மண்டையோட்டுப் பாத்திரம் எங்கிருந்து வந்தது? பிரமனின் தலையைக் கிள்ளிய பாவம் தீர, சிவன் அந்த ஓட்டை ஏந்திப் பிச்சைக்குப் போனார் என்பது புராணம். அதைப் பின்பற்றுகிறவர்கள்தான் காபாலிகர்கள். அதாவது அது பிராயச்சித்தத்தின் பாத்திரம். கையில் பிடிக்கும்போதெல்லாம் 'நான் குற்றவாளி' என்று நினைவூட்ட வேண்டிய பொருள். பிச்சாடனர் கதையை நாடகமே நினைவுபடுத்துகிறது. ஆனால் சத்யசோமனுக்கு அது என்னுடைய சொத்து. காணோம் என்றதும் எதிரில் வருகிறவனெல்லாம் குற்றவாளி. தன் குற்றத்தை நினைவில் வைக்கச் செய்த பாத்திரத்தைக் கொண்டு அடுத்தவன் மேல் குற்றம் சாட்டுகிறான். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டிய பிறகும், நிறம் வேறாக இருக்கிறதே என்ற பிறகும், சாயம் பூசி மாற்றிவிட்டான் என்கிறான். ஆதாரம் எதிராக வந்தால் ஆதாரமே திருட்டின் அடையாளமாகிவிடுகிறது. இன்றைய சண்டைகளைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை.

பிக்குவிடம் வருவோம். நாகசேனனை எல்லாரும் வேஷதாரி என்கிறார்கள். தனிமொழியில் அவர் ஆசைப்படுவது உண்மை. ஆனால் மேடையில் அவர் என்ன செய்கிறார்? சண்டையின் நடுவில் தேவசோமா அவருடைய முடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மழித்த தலையில் முடி ஏது? பிடி கிடைக்காமல் கீழே விழுகிறாள். தன்னைத் தாக்க வந்தவளைப் பிக்கு கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். உடனே கபாலி கூச்சல் போடுகிறான்: பாருங்கள், என் மனைவியின் கையைப் பிடித்துவிட்டான், பாணிக்கிரகணம் செய்துவிட்டான்! விழுந்தவர்களைத் தூக்குவது எங்கள் தர்மம் என்கிறார் பிக்கு. யாரும் காதில் வாங்குவதில்லை.

நாடகம் முழுக்கத் தேடினாலும் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்யும் தன்னலமற்ற காரியம் இது ஒன்றுதான். அதைச் செய்கிறவர் நாம் வேஷதாரி என்று முத்திரை குத்திய ஆள். அதற்கு அவருக்குக் கிடைப்பது ஒழுக்கக் குற்றச்சாட்டு. நினைப்பில் சபலக்காரர், செயலில் கண்ணியமானவர். ஒருவரை நினைப்பை வைத்து எடை போடுவதா, செயலை வைத்தா? பார்வையாளர்களாகிய நமக்கு மட்டும் அவருடைய மனசுக்குள் இருப்பது கேட்கிறது. கேட்டுவிட்டதால் செயலை மன்னிக்க மாட்டேன் என்கிறோம். நம் ஒவ்வொருவருடைய தனிமொழியையும் மைக் வைத்து ஒலிபரப்பினால் எத்தனை பேர் தேறுவோம்?

பாசுபதனோ இவர்கள் எல்லாரையும்விட ஆபத்தான ஆள். குடிக்கவில்லை, கத்தவில்லை, நிதானமாகப் பேசுகிறான். தனக்குத் தனிப்பட்ட கணக்கு இருக்கிறது என்பதை மறைத்துக்கொண்டு நடுநிலையாளர் நாற்காலியில் உட்காருகிறான். வழக்கை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்கிறவனும் அவனே.

3

இங்கேதான் தேவசோமா வாயைத் திறக்கிறாள்.

நீதிமன்றத்துக்குப் போவதென்றால் கபாலத்துக்கு இப்போதே ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்கிறாள். ஏன் என்று கேட்கிறான் பாசுபதன். அவள் சொல்வதன் சாரம் இது: பல விகாரங்களின் வருமானத்தைச் சேர்த்து வைத்திருக்கிற இந்த ஆள் நீதிமன்ற அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவான். பாம்புச் சட்டையும் திருநீறும்தான் எங்கள் சொத்து. நாங்கள் எதைக் கொண்டு அந்த வாசலை மிதிப்பது?

சிரிப்பு நாடகத்தின் நடுவே ஒரு ஏழைப் பெண் பேசும் அசலான அரசியல் இது. இதுவரை அவள் குடித்தாள், கோபித்தாள், முடியைப் பிடிக்கப் போய் விழுந்தாள். இப்போது திடீரென்று தெளிவாகப் பேசுகிறாள். அவள் குறிவைப்பது பிக்குவின் சபலத்தை இல்லை. பிக்குவின் பின்னால் இருக்கும் பணத்தையும், அந்தப் பணத்துக்குத் திறக்கும் நீதிமன்றத்தையும்.

வெறும் வாய்ச்சொல் என்று தள்ளவும் முடியாது. மகேந்திரனுக்குக் கொஞ்சம் பின்னால், அவன் மகன் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சிக்கு வந்ததாகச் சொல்லப்படும் சீன யாத்ரிகர் யுவான் சுவாங், அந்த நாட்டில் 100-க்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் சுமார் 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். எண்ணில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் விகாரங்கள் செல்வாக்கோடு இருந்தன என்பதில் ஐயமில்லை. நாடகத்துப் பிக்கு போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயரைப் பாருங்கள், ராஜவிகாரம். அந்த 'ராஜ' யார் என்று கேட்டால் விரல் எங்கே நீளும்?

காஞ்சியின் நீதி அதிகாரிகளை நியமிப்பவன் யார்? பல்லவ அரசன். நாடகத்தை எழுதியவன் யார்? அதே பல்லவ அரசன். தன் நீதிமன்றம் விலைக்குப் போகிறது என்ற வசனத்தைத் தானே எழுதியிருக்கிறானே, அதுதானே துணிச்சல் என்று நண்பர்கள் கேட்பார்கள். எழுதியிருக்கிறான், ஒப்புக்கொள்கிறேன். எழுதிய கையோடு என்ன செய்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாசுபதன் உடனே மறுக்கிறான். உறுதியான, நேரான தூண்கள் மாளிகையைத் தாங்குவதுபோல நல்ல மனிதர்கள் நீதிமன்றத்தைத் தாங்குகிறார்கள் என்று அழகாக ஒரு சுலோகம் சொல்கிறான். பணக்காரரை எதிர்த்து அரசாங்கக் கதவைத் தட்டப்போன எவருக்கும் 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். பாசுபதன் சொல்வது அதைத்தான். கபாலி சமாதானமாகிவிடுகிறான். எல்லாரும் நீதிமன்றத்தை நோக்கிப் புறப்படுகிறார்கள். வழியில் பித்தன் வந்துவிடுகிறான், கபாலம் கிடைத்துவிடுகிறது. யாரும் நீதிமன்றம் போய்ச் சேர்வதே இல்லை.

கள்ளுக்கடையைக் காட்டத் தெரிந்த நாடகாசிரியனுக்கு நீதிமன்றத்தைக் காட்டத் தெரியாதா? ஒரு அதிகாரி, ஒரு எழுத்தர், வாயை நிரப்பிக்கொள்ளும் ஒரு கை, இவ்வளவு இருந்தால் போதும், ஊரே சிரித்திருக்கும். அந்தக் காட்சி நெருங்கி வருகிறது. வாசல் தெரிகிற நேரத்தில் ஒரு பைத்தியத்தையும் நாயையும் அனுப்பிக் கதையைத் திருப்பிவிடுகிறார்கள். தேவசோமா போட்ட வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படாமலே தள்ளுபடி. கடைசி வாழ்த்தில் சத்துருமல்லனின் ஆட்சி வாழ்த்தப்படுகிறது. சத்துருமல்லன் என்பது மகேந்திரனின் விருதுப் பெயர்.

4

அந்தப் பெயரைப் பார்க்க நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் வல்லம் இருக்கிறது. குன்றில் குடைந்த சிறிய குடைவரைக் கோயில். அதன் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. சத்துருமல்லன், குணபரன் என்று விருதுகளை அடுக்கி, அந்த மகேந்திரனின் அடியானான வயந்தப்பிரி அரசனின் மகன் கந்தசேனன் இந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்று சொல்கிறது. நாடகத்தின் கடைசியில் சமஸ்கிருதத்தில் வாழ்த்தப்படும் பெயர் இங்கே தமிழில், ஓர் அடியானின் பணிவோடு. 'மத்தவிலாசன்' என்பதும் அவனுடைய விருதுதான். அதாவது நாடகத்தின் தலைப்பே அரசனின் பட்டப்பெயர். குடியர்களின் களியாட்டம் என்ற பொருள் முதலில் கேட்கும். எழுதியவனின் கையொப்பம் என்ற பொருள் பின்னால் கேட்கும்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மேடையில் தள்ளாடும்போது, அரசன் மட்டும் தலைப்பிலும் வாழ்த்திலும் நிமிர்ந்து நிற்கிறான்.

வல்லத்திலிருந்து கிழக்கே, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போனால் இதே கணக்கைக் கல்லில் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில், யானைக்குப் பக்கத்தில், ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். கைடுகள் டார்ச் அடித்துக் காட்டுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறேன். போலித் துறவியைப் பற்றிய அருமையான கேலி அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆதிவராகக் குடைவரை. உள்ளே இரண்டு அரசர்கள் தத்தம் தேவியர் இருவரோடு இருக்கிறார்கள். ஒருவர் பெயர் சிம்மவிண்ணன், இன்னொருவர் பெயர் மகேந்திரன் என்று மேலே எழுதியிருக்கிறது. இது எந்த மகேந்திரன் என்று ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. எந்த மகேந்திரனாக இருந்தாலும் கம்பீரமாக நிற்கிறார். அவரைச் சுற்றி எலிகள் இல்லை.

நாடகத்தின் தொடக்கத்தில் சூத்திரதாரி இளையவளைக் கட்டிக்கொண்டதால் மூத்த மனைவி கோபமாக இருக்கிறாள். நாடகம் போட வாய்ப்பு வந்திருக்கிறது என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்துகிறான். கூத்தாடி இரண்டு பெண்டாட்டி கட்டினால் வேடிக்கை. அரசன் இரண்டு தேவியரோடு நின்றால் அது சிற்பம்.

மாமல்லபுரத்தில் இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது. கணேச ரதத்திலும் வேறு சில இடங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ருத்திரன் குடிகொள்ளாத நெஞ்சம் உடையவர்களை ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஆறு தடவை சபிக்கிறது. மகேந்திரனுக்குப் பின்வந்த பல்லவர்களின் குரல் அது. சிரித்த பாட்டனுக்குச் சபிக்கிற பேரன்கள் வந்தார்கள் என்று இதைச் சோகமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரண்மனையிலிருந்து வரும் சிரிப்புக்கும் அரண்மனையிலிருந்து வரும் சாபத்துக்கும் வீடு ஒன்றுதான். அரசனின் மனநிலையைப் பொறுத்து இன்றைக்குச் சிரிப்பு, நாளைக்குச் சாபம். கீழே இருப்பவர்களுக்கு இரண்டையும் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

5

எதிர்வாதங்களை நான் தவிர்க்க விரும்பவில்லை.

முதலாவது: வேள்வியைக் கள்ளுக்கடையோடு ஒப்பிட்டிருக்கிறானே, வைதிகத்தையும் கேலி செய்திருக்கிறானே? உண்மை. ஆனால் அது உவமை. உவமையில் யாருக்கும் அடி விழாது. பிக்கு மேடையில் திருடன் என்று அழைக்கப்பட்டு, துரத்தப்பட்டு, தன் பாத்திரத்தையே பறிகொடுக்கும் நிலைக்கு வருகிறார். ஒரு புரோகிதர் மேடைக்கு வந்து அந்தப் பாடு படவில்லை. சமணர்களுக்கோ மேடையில் இடமே இல்லை. அவர்கள் பெயரைச் சொன்ன குற்றத்துக்கு நாக்கை மதுவால் கழுவிக்கொள்கிறான் கபாலி. மகேந்திரன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவன் என்ற மரபையும், சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததாகச் சேக்கிழார் சொல்வதையும் வைத்துப் பார்த்தால் அந்த வாய்க்கொப்பளிப்பு அவ்வளவு கள்ளமில்லாததாகத் தெரியவில்லை.

இரண்டாவது: பிரகசனம் என்ற வடிவமே அப்படித்தான், போலித் துறவிகளைக் கேலி செய்வதுதான் அதன் வேலை. சரி, வடிவத்தின் விதியை ஏற்கிறேன். அப்படியென்றால் 'துணிச்சல்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி செய்ததற்குத் துணிச்சல் பட்டம் எதற்கு?

மூன்றாவது: ஒரு அரசனிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமா? அவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பது நம்மிடம்தான். நாம் ஏன் இன்னும் அவனுடைய அரண்மனை உப்பரிகையில் நின்றுகொண்டே இந்த நாடகத்தைப் பார்க்கிறோம்? இதில் கல்கிக்குப் பெரிய பங்கு உண்டு. 'சிவகாமியின் சபதம்' தந்த மகேந்திரன்தான் நம் தலைக்குள் இருக்கும் மகேந்திரன்: ரசிகன், மாறுவேடக்காரன், கலைகளின் காவலன். அதே நாவலில் வில்லன் யார்? நாகநந்தி, ஒரு பௌத்த பிக்கு. ஏழாம் நூற்றாண்டின் நாகசேனனுக்கும் 1940களின் நாகநந்திக்கும் நடுவில் தமிழ்நாட்டில் பௌத்தம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. காஞ்சி காமாட்சி கோயிலில் கண்டெடுத்த புத்தர் சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். பிக்கு காணாமல் போன பிறகும் 'கெட்ட பிக்கு' மட்டும் நம் கதைகளில் பிழைத்துக்கொண்டான். சிரிப்புக்கு இப்படியும் ஒரு ஆயுள் உண்டு.

6

வேறு மாதிரி எழுத வழியே இல்லையா? இருந்தது. அதே காஞ்சியில், அதே பிச்சைப் பாத்திரத்தை வைத்து.

மணிமேகலை கடைசியில் வந்து சேரும் ஊர் காஞ்சிதான். பஞ்சத்தில் கிடக்கும் ஊருக்கு அமுதசுரபியோடு வருகிறாள். அந்தக் காப்பியம் மகேந்திரனுக்கு முன்னா பின்னா என்ற வழக்கை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். மணிமேகலையிலும் பாத்திரம்தான் கதையின் மையம். அதில் முதல் பிச்சை இடும் ஆதிரையின் கை முக்கியம், யானைப்பசி கொண்ட காயசண்டிகையின் வயிறு முக்கியம். பாத்திரம் யாருடையது என்று அங்கே சண்டை வருவதில்லை, யாருக்குப் பசிக்கிறது என்ற கேள்விதான் வருகிறது. அந்தப் பாத்திரத்தோடு அவள் சிறைச்சாலைக்குள் போகிறாள். அரசனிடம் பேசி அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்ற வைக்கிறாள். பிச்சைப் பாத்திரம் அரசனின் வாசல்வரை போய்ச் சேர்ந்து அங்கே ஒரு வேலை செய்கிறது. மத்தவிலாசத்தில் போய்ச் சேராத அதே வாசல்.

சாத்தனாருக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மலர்வனம் போகும் வழியில் ஒரு குடிகாரன் சமணத் துறவி ஒருவரை மறித்துக் கள் குடிக்கச் சொல்லி வம்பு பண்ணுகிறான். பின்னாலேயே ஒரு பித்தன் வருகிறான். குடிகாரன், துறவி, பித்தன் மூவரும் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் சாத்தனாருக்கு அது தெருவோரக் காட்சி. கடந்து போகிறார். மகேந்திரனுக்கு அதுவே முழு உலகம்.

இன்னொரு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாளும் கூத்து நடக்கும். விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ராஜா வேஷம் கிரீடமும் புஜகட்டையும் அதிர வந்து நிற்கும். பக்கத்தில் கட்டியக்காரன். ராஜாவின் சேவகன்தான் அவன். ஆனால் ராஜா வாயைத் திறந்ததும் அவன் அதைத் திரித்து ஊருக்குச் சொல்வான். துரியோதனனை அவன் சபையிலேயே, முகத்துக்கு நேராக, ஊர்ப் பாஷையில் கிண்டல் அடிப்பான். அந்த வருஷம் ஊரில் நடந்த வம்பெல்லாம் நடுவில் வரும். துகில் உரியும் இரவில் திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்பாள்: தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பெரியவர்கள் எல்லாரும் தலையைக் குனிவார்கள். தர்மனின் குற்றத்தையும் பீஷ்மரின் குற்றத்தையும் கூத்து மூடி மறைப்பதில்லை. சூதாடியவன் தர்மராஜா என்பதற்காக அவனுக்குச் சலுகை கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் முன்னால், சபை குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.

தேவசோமாவும் திரௌபதியும் கேட்பது ஒரே வகைக் கேள்வி. நியாயம் சொல்ல உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்கள் யோக்கியதை என்ன? கூத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு முழு இரவு கிடைக்கிறது. அரசன் எழுதிய நாடகத்தில் இரண்டு வசனம், ஒரு சுலோகம், பிறகு ஒரு நாய்.

7

இந்த நாடகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு காலத்தின் தெரு நாற்றமும் கடைச் சத்தமும் இவ்வளவு நெருக்கமாகக் கேட்கும் பிரதிகள் நம்மிடம் அதிகமில்லை. கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் இதை இன்றைக்கும் நேர்ச்சையாக ஆடுகிறார்கள். அங்கே கபாலி சிவனாகவே பார்க்கப்படுகிறான். கேலிக்கென்று எழுதப்பட்டவனைக் கும்பிடத் தெரிந்த ஜனங்கள் அரசனின் நோக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நாமும் தாண்டலாம், வேறு பக்கமாக.

சென்னையிலும் செங்கல்பட்டிலும் நவீன நாடகம் போடும் தம்பி தங்கைகள் சிலரை எனக்குத் தெரியும். இந்த நாடகத்தை எடுத்தால் காவி, திருநீறு, மொட்டைத்தலை என்று நாலு வேஷத்தைக் கட்டி, நாலு சாமியார் ஜோக்கைச் சேர்த்து, 'நாங்கள் எல்லாரையும் கலாய்த்தோம்' என்று போஸ்டர் ஒட்டிவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிச்சை எடுக்கிறவனின் பாசாங்கைக் கலாய்ப்பது எப்போதும் சுலபம். அவன் உங்களை எதுவும் செய்ய முடியாது.

நாடகத்தை அப்படியே போடுங்கள். பித்தன் வருகிற இடத்தில் மட்டும் அவனைக் கொஞ்ச நேரம் திரைக்குப் பின்னால் நிறுத்திவையுங்கள். அவர்கள் நீதிமன்றம் போய்ச் சேரட்டும். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் வாயில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கட்டியக்காரனை நிறுத்துங்கள். அப்புறம் தேவசோமா தள்ளாடிக்கொண்டே உள்ளே வந்து, பாம்புச் சட்டையையும் திருநீற்றுப் பையையும் மேசைமேல் வைத்து, இதற்கு இங்கே என்ன விலை என்று கேட்கட்டும்.